கரண்டிவால் ஓசனிச்சிட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரு நாட்டின் வடக்கே, ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கையும் அதைச் சுற்றிய மலைகளையும் விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு குட்டிப் பறவையைப் பற்றிய கேள்விகள் இவை. ஹம்மிங்பேர்ட் என்கிறோமே, அந்த ஓசனிச்சிட்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆணின் படத்தைப் பார்த்தவுடன் "இது நிஜப் பறவைதானா, கம்ப்யூட்டரில் செய்ததா?" என்றுதான் பலரும் கேட்கிறார்கள். நிஜம்தான். ஆனால் பேச்சு வாலோடு நின்றுவிடுவதில் எனக்கு வருத்தம் உண்டு. இந்தப் பறவை பிழைப்பதும் அழிவதும் காட்டோரத்தில் யாரும் திரும்பிப் பார்க்காத புதர்களை நம்பித்தான் இருக்கிறது. அதனால் இங்கே வாலைப் பற்றியும் நிறைய இருக்கும், புதர்களைப் பற்றியும் இருக்கும்.

இதன் பெயர் என்ன?

ஆங்கிலப் பெயர் மார்வலஸ் ஸ்பாட்யூல்டெயில். அறிவியல் பெயர் லோடிஜீசியா மிராபிலிஸ். பெருவில் ஸ்பானிய மொழியில் கோலிப்ரி மராவியோசோ என்கிறார்கள். நான் இங்கே சுருக்கமாகக் கரண்டிவால் என்றே எழுதுகிறேன். லோடிஜீசியா என்ற பேரினத்தில் இந்த ஓர் இனம் மட்டும்தான் இருக்கிறது.

எங்கே வாழ்கிறது?

பெருவின் அமசோனாஸ் மாநிலத்தில் உத்குபம்பா என்றொரு ஆறு ஓடுகிறது. மராஞோன் ஆற்றில் போய்ச் சேரும் ஆறு அது. அதன் பள்ளத்தாக்கையும் அருகிலுள்ள கோலான் மலைத்தொடரையும் ஒட்டிய காடுகளில்தான் கரண்டிவால் அதிகம். பக்கத்து மாநிலமான சான் மார்த்தினிலும் பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலும் கடல் மட்டத்திலிருந்து 2,100 முதல் 2,900 மீட்டர் உயரத்துக்குள்.

மாநிலத்தின் பெயர் அமசோனாஸ் என்றதும் வெக்கையும் வெள்ளமும் நிறைந்த தாழ்நிலக் காடு என்று நினைத்துவிட வேண்டாம். இது ஆண்டிஸ் மலையின் கிழக்குப் பக்கம். மேகம் தவழும் மலைக்காடு, மரக்கிளையெல்லாம் பாசியும் ஆர்க்கிடும், காலையில் பனிமூட்டம், இரவில் நல்ல குளிர்.

அப்புறம் இன்னொரு விஷயம். இது அடர்காட்டின் நடுவில் வாழ்கிற பறவை இல்லை. காட்டின் ஓரம், வெட்டிவிட்ட இடத்தில் மறுபடி தழைத்த இளங்காடு, முள்ளம்பழப் புதர்கள், ஆல்டர் மரங்கள் கலந்த சரிவுகள், இவைதான் இதற்குப் பிடித்த இடங்கள். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பாதுகாப்பு பற்றிய கேள்விகளுக்கெல்லாம் பதில் இதில்தான் இருக்கிறது.

எவ்வளவு சிறியது?

எடை ஏறக்குறைய 3 கிராம். ஆணின் மொத்த நீளத்தில் பெரும்பகுதி வால்தான். வாலை ஒதுக்கிவிட்டு உடம்பை மட்டும் பார்த்தால் ஓசனிச்சிட்டுகளிலேயே சிறியவற்றோடு சேர்க்க வேண்டிய பறவை. படங்களில் பெரிதாகத் தெரிவதற்குக் காரணம், அளவு காட்ட பக்கத்தில் எதுவும் இல்லாமல் எடுத்த நெருக்கமான படங்கள் அவை.

அந்த வாலில் அப்படி என்ன விசேஷம்?

பெரும்பாலான பறவைகளுக்கு வாலில் 12 இறகுகள். ஓசனிச்சிட்டுகளுக்குப் பொதுவாக 10. வளர்ந்த ஆண் கரண்டிவாலுக்கு இருப்பதோ 4. பறவை உலகத்திலேயே இப்படி இன்னொன்று கிடையாது.

அந்த நான்கில் நடுவே இருக்கும் இரண்டும் குறுகலாக, கூராக, நேராக நிற்கும். ஓரத்து இரண்டும்தான் எல்லாரும் வியக்கும் இறகுகள். வாலடியில் தொடங்கி வளைந்து ஒன்றையொன்று குறுக்கே கடந்து நீண்டு போகும். வழியெல்லாம் வெறும் ஈர்க்குதான், இழை கிடையாது. நுனியில் மட்டும் திடீரென்று அகன்று, ஊதா கலந்த நீலத்தில் ஒரு வட்டு. இரண்டு இறகுகளும் குறுக்கே போவதால், வலப்பக்கம் தெரிகிற வட்டு உண்மையில் இடப்பக்கத்து இறகுடையது. உட்கார்ந்திருக்கும் ஆணைப் பக்கவாட்டில் பார்த்தால் ஈர்க்கு கண்ணுக்குச் சட்டென்று தட்டுப்படாது, பறவைக்குக் கீழே இரண்டு நீல வட்டுகள் தனியே மிதப்பது போலத்தான் இருக்கும்.

வால் இறகுகள் குறைந்துபோன இடத்தை வாலின் மேலும் கீழும் இருக்கும் மூடுசிறகுகள் நீண்டு ஈடுகட்டுகின்றன. அதனால் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு சாதாரண வால் ஒன்றும் கூடவே இருப்பதாகத் தோன்றும்.

எனக்கு எப்போதும் ஆச்சரியமாக இருப்பது, இந்த வட்டுகள் சும்மா தொங்கும் அலங்காரம் இல்லை என்பதுதான். ஆண் பறவை இரண்டையும் தனித்தனியாக அசைக்கும். ஒன்றை மேலே தூக்கி மற்றதைக் கீழே விடும், இரண்டையும் முன்னால் கொண்டுவந்து தலைக்கு மேல் நிறுத்தும். உடம்பை விட நீளமான ஈர்க்கின் நுனியில் இருக்கும் ஒரு தட்டை, வாலடியில் இருக்கும் மிகச் சிறிய தசைகளை வைத்து இப்படி ஆட்டுவிக்கிறது.

ஆண் எதற்காக ஆடுகிறது? எப்படி ஆடுகிறது?

பெண்ணைக் கவரத்தான். பெண் ஒரு மெல்லிய கிளையில் வந்து அமரும். ஆண் அதற்கு எதிரே, காற்றில் ஒரே உயரத்தில் நின்றபடி சிறகடித்துக்கொண்டு இடமும் வலமுமாக ஊசலாடும். அந்த நேரத்தில் வால் இறகுகள் வளைந்து முன்னே வர, நீல வட்டுகள் இரண்டும் முகத்துக்கு இருபக்கமும் மேலுமாக ஆடிக்கொண்டே இருக்கும். தொண்டையிலுள்ள நீலப்பச்சைத் திட்டு பெண்ணை நோக்கித் திரும்பும் நொடிகளில் பளிச்சிடும். தலையில் ஊதா நீலக் கொண்டை வேறு. இதெல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும், ஏனென்றால் இதை விடச் சோர்வு தரும் வேலை ஒரு ஓசனிச்சிட்டுக்கு இருக்க முடியாது. அந்தரத்தில் நிற்பதற்கே ஏகப்பட்ட சக்தி வேண்டும், இதில் நீண்ட வாலைக் காற்றை எதிர்த்து ஆட்டவும் வேண்டும்.

ஆண்கள் தோதான ஓரிடத்தைத் தேர்ந்து ஒன்றுக்கொன்று அருகில் கூடி ஆடுவதும் உண்டு. பெண் வராத நேரத்தில் ஒன்றையொன்று விரட்டும், வட்டுகளைக் காட்டி மிரட்டும். இளம் ஆண்களும் வந்து கலந்துகொள்ளும், அவற்றுக்கு வட்டு இன்னும் முழுதாக வளர்ந்திருக்காது.

இந்த ஆட்டம் முழுவதையும் மெதுவாக்கிக் காட்டும் கேமராவில் பதிவு செய்து 2009-இல் ஒரு தொலைக்காட்சித் தொடரில் காட்டினார்கள். வெறும் கண்ணுக்கு ஒரு நீலக் கலங்கலாகத் தெரிவது, அதில்தான் ஒவ்வொரு அசைவாகப் பிரிந்து தெரிந்தது.

அவ்வளவு நீள வால் பறப்பதற்கு இடைஞ்சல் இல்லையா?

இடைஞ்சல்தான். காற்றில் இழுக்கும், புதருக்குள் நுழையும்போது சிக்கும், எதிரியின் கண்ணில் படும், வளர்ப்பதற்கும் சத்து செலவாகும். ஆனால் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் நல்ல வட்டும் நல்ல ஆட்டமும் உள்ள ஆண்களையே தேர்ந்தெடுத்து வந்தால், அந்தக் குணம்தான் பெருகும். பாலினத் தேர்வு என்று டார்வின் விளக்கியது இதைத்தான். இத்தனை சுமையோடும் ஓர் ஆண் தேனைத் தேடிப் பிழைத்து, ஆடவும் தெம்போடு இருக்கிறது என்றால் அதன் உடம்பில் ஏதோ வலு இருக்கிறது என்று பெண்ணுக்கு அது ஒரு அடையாளம் என்றும் சொல்வார்கள். இரண்டு விளக்கங்களும் சேர்ந்தே உண்மையாக இருக்கலாம்.

பெண்ணுக்கு இந்த வால் உண்டா?

இந்தக் கேள்வி குறைவாகத்தான் வருகிறது, அதிகம் வர வேண்டிய கேள்வி.

பெண்ணின் வால் குட்டையானது. ஓர இறகுகளின் நுனி கொஞ்சம் அகன்றிருக்கும், ஆணுடையது போல வட்டாக விரியாது. முதுகு பச்சை, அடிப்பக்கம் வெள்ளை, கொண்டை கிடையாது, தொண்டையில் மினுமினுப்பும் கிடையாது. புகைப்படக்காரர்கள் ஆண் வரட்டும் என்று காத்துக்கொண்டிருக்கும்போது பெண் வந்து தேன் குடித்துவிட்டுப் போய்விடும்.

ஆனால் குடும்பப் பாரம் முழுக்கப் பெண்ணுடையது. ஓசனிச்சிட்டுகளில் பொதுவாகவே கூடு கட்டுவது, அடைகாப்பது, ஊட்டுவது எல்லாம் பெண்தான். சிலந்தி நூலை அலகால் சேகரித்து வந்து, பாசியையும் மெல்லிய நாரையும் அதில் பிணைத்துச் சின்னக் கிண்ணமாகக் கட்டும். சிலந்தி நூல் இழுபடும் தன்மை உள்ளதால் குஞ்சுகள் வளர வளரக் கூடும் விரிந்துகொடுக்கும். வழக்கமாக 2 வெள்ளை முட்டைகள். குஞ்சுகளுக்குத் தேனை மட்டும் கொடுத்தால் போதாது, பூச்சிகளைப் பிடித்து அரைகுறையாகச் செரித்த கூழாக அவற்றின் தொண்டைக்குள் அலகை விட்டு ஊட்டும். இதற்கிடையில் தன் வயிற்றையும் கவனிக்க வேண்டும், மழையிலும் குளிரிலும் கூட்டை விட்டு அதிக நேரம் அகலவும் முடியாது. ஆண் இதில் எதிலும் பங்கெடுப்பதில்லை. இனத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று பேசும்போது நம் மனக்கண்ணில் வர வேண்டியது இந்தப் பெண் பறவையும் அது கூடு கட்டும் கிளையும்தான் என்பது என் கருத்து.

என்ன சாப்பிடும்?

பூந்தேன்தான் பிரதானம். பொமாரியா என்ற கொடியினத்தில் குழாய் வடிவச் சிவப்புப் பூ பூக்கும் ஒரு வகை இதற்கு மிகவும் பிடித்தது. அது போக வேறு பல புதர்ப் பூக்களையும் தேடிப் போகும். புரதத்துக்குச் சின்னச் சின்னப் பூச்சிகளும் சிலந்திகளும்.

தேனை உறிஞ்சுகிறது என்று நாம் சொல்வது அவ்வளவு சரியில்லை. ஓசனிச்சிட்டின் நாக்கு நுனியில் இரண்டாகப் பிளந்திருக்கும், ஒவ்வொரு கிளையின் ஓரத்திலும் மெல்லிய இழைகள் வரிசையாக இருக்கும். நாக்கு தேனுக்குள் போனதும் அந்த இழைகள் விரியும், வெளியே வரும்போது சுருண்டு மூடித் தேனைச் சிறைபிடித்துக்கொண்டு வரும். நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல்கூட நாக்கு உள்ளே போய் வரும். நுண்குழாயில் நீர் ஏறுவது போலத் தேன் தானாக ஏறுகிறது என்றே நெடுங்காலம் எல்லாரும் நம்பினார்கள். 2011-இல் வெளிவந்த ஆய்வுக்குப் பிறகுதான் இந்தச் சுருண்டு பிடிக்கும் முறை தெளிவானது.

குடித்த சர்க்கரையை நாள்கணக்கில் சேமித்து வைத்துப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே இதற்கு இல்லை. சற்று முன் குடித்த தேனின் சர்க்கரைதான் இப்போது சிறகை அடிக்க எரிகிறது. அதனால் பகல் முழுக்க, சின்னச் சின்ன இடைவெளிகளில், பூவுக்குப் பூ போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஒரு சரிவில் பூப்புதர்களை வெட்டிவிட்டால் அன்றைக்கே இதற்குப் பசி. மரம் அப்படியே நிற்கிறதே, பறவைக்கு என்ன குறை என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

மற்ற ஓசனிச்சிட்டுகளோடு ஒத்துப்போகுமா?

ஒத்துப்போவதை விட ஒதுங்கிப்போகும். அதே மலைகளில் இதை விடப் பெரிய, சண்டைக்கார ஓசனிச்சிட்டுகள் பல உண்டு. ஸ்பார்க்லிங் வயலட்இயர் என்ற வகை அதில் பேர்போனது, ஒரு பூப்புதரையோ தேன் குப்பியையோ தனதாக்கிக்கொண்டு வருகிறவர்களையெல்லாம் துரத்தும். கரண்டிவால் மெல்ல உள்ளே நுழைந்து, இலை மறைவிலிருந்து வேகமாக வந்து குடித்துவிட்டு, யாரும் கவனிப்பதற்குள் புதருக்குள் போய்விடும்.

மலைக்குளிரில் இரவை எப்படிக் கழிக்கிறது?

3 கிராம் உடம்பு, பகலில் நிமிடத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேலும் துடிக்கக்கூடிய இதயம், இரவு முழுக்க உணவில்லை. உடல் சூட்டை அப்படியே வைத்திருந்தால் விடிவதற்குள் கையிருப்பு தீர்ந்துவிடும். இதற்கு ஓசனிச்சிட்டுகள் கண்டுபிடித்த வழி உறைதூக்கம். உடல் வெப்பத்தையும் இதயத் துடிப்பையும் வெகுவாகக் குறைத்துக்கொண்டு, கிட்டத்தட்ட உயிரற்றது போல இரவைக் கழிக்கும். விடியும் நேரத்தில் தசைகளை நடுக்கி மறுபடி சூடேற்றிக்கொள்ளும்.

எவ்வளவு தூரம் போகும் என்றால், பெருவின் ஆண்டிஸ் மலையில் சுமார் 3,800 மீட்டர் உயரத்தில் செய்த ஓர் ஆய்வு 2020-இல் வெளியானது. அதில் கருப்பு மெட்டல்டெயில் என்ற ஓசனிச்சிட்டின் உடல் வெப்பம் இரவில் 3.3 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியதை அளந்தார்கள். கரண்டிவால் வாழும் உயரம் அவ்வளவு இல்லை, அத்தனை ஆழமாக இறங்கும் தேவையும் இதற்கு இல்லை. ஆனாலும் இந்தக் குடும்பத்தின் உடம்பில் எப்படிப்பட்ட வசதி இருக்கிறது என்பதை அந்த அளவு காட்டுகிறது.

மலை மேலே காற்று லேசாகத்தானே இருக்கும், அந்தரத்தில் எப்படி நிற்கிறது?

நல்ல கேள்வி. காற்று லேசானால் சிறகுக்குப் பிடிமானம் குறையும், மூச்சுக்கு ஆக்சிஜனும் குறையும், இரண்டு அடி ஒரே நேரத்தில்.

முதலில் அந்தரத்தில் நிற்கும் விதம். மற்ற பறவைகள் சிறகைக் கீழே அடிக்கும்போதுதான் உடம்பைத் தூக்குகின்றன. ஓசனிச்சிட்டோ தோள்மூட்டிலேயே சிறகைத் திருப்பி, முன்னும் பின்னுமாக, படுக்கவைத்த எட்டு என்ற எண்ணைப் போல வீசுகிறது. எடையில் முக்கால் பங்கை ஒரு வீச்சும் கால் பங்கை மறுவீச்சும் தாங்குவதாக 2005-இல் அளந்து சொன்னார்கள். உயரமான இடங்களில் வாழும் ஓசனிச்சிட்டு இனங்களுக்கு உடம்போடு ஒப்பிட்டால் சிறகு சற்றுப் பெரிதாக இருக்கும், வீச்சும் அகலமாக இருக்கும். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினும், மேட்டு நிலத்து இனங்களில் ஆக்சிஜனை இன்னும் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும்படி மாறியிருக்கிறது.

ஒரு படத்தில் தொண்டை நீலப்பச்சையாக இருக்கிறது, இன்னொன்றில் கருப்பாக இருக்கிறது. வேறு வேறு பறவையா?

ஒரே பறவைதான். அந்த நிறம் சாயத்தால் வருவதில்லை. இறகின் நுண்ணிழைகளுக்குள் மெலனின் தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன, ஒவ்வொன்றுக்குள்ளும் காற்றுக் குமிழ்கள். ஒளி இந்த அடுக்குகளில் பட்டுத் திரும்பும்போது சில நிறங்கள் மட்டும் வலுப்பட்டு நம் கண்ணுக்கு வரும். பறவை தலையைச் சற்றே திருப்பினால் கோணம் மாறிவிடும், நிறம் அணைந்துவிடும். ஆட்டத்தின்போது ஆண் பெண்ணுக்கு நேர் எதிரே நிற்பதில் அவ்வளவு கவனமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

யார் முதலில் கண்டுபிடித்தார்கள்?

அந்த மலைவாசிகளுக்கு எப்போதும் தெரிந்த பறவை. அறிவியல் பதிவுக்கு வந்தது 1835-இல். ஆண்ட்ரூ மேத்யூஸ் என்ற ஆங்கிலேயர் பெருவில் செடிகளும் பறவைகளும் சேகரித்து வந்தார். லண்டனில் ஜார்ஜ் லோடிஜஸ் என்பவர் பெரிய நாற்றங்கால் தோட்டம் வைத்திருந்தார், ஓசனிச்சிட்டுகளைச் சேகரிப்பதில் தீராத ஆசை. மேத்யூஸ் அனுப்பிய ஓர் ஆண் பறவையின் உடல் அவரிடம் போய்ச் சேர்ந்தது. அதை வைத்து 1847-இல் பிரெஞ்சுக்காரரான பூர்சியே இந்த இனத்தை முறைப்படி விவரித்தார். 1850-இல் பொனபார்ட் என்ற பறவையியலாளர் லோடிஜஸின் பெயரையே பேரினத்துக்கு வைத்தார். அப்போது லோடிஜஸ் உயிரோடு இல்லை.

1835-க்குப் பிறகு நாற்பது வருடத்துக்கு மேலாக, ஐரோப்பாவில் இருந்த அந்த ஒரே ஒரு உடலைத் தவிர வேறு எதுவும் கிடைக்கவில்லை. 1880-ஐ ஒட்டி போலந்து நாட்டுப் பறவையியலாளர் யான் ஸ்டோல்ஸ்மான் அந்த மலைகளுக்குப் போய் மறுபடி கண்டார். உயிருள்ள ஆண்களின் நடவடிக்கையைப் பார்த்து எழுதியவரும் அவரே.

நம் தேன்சிட்டும் இதுவும் ஒன்றா?

இல்லை. தேன்சிட்டுகள் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வாழும் வேறு குடும்பம், குருவி, காகம் எல்லாம் அடங்கிய பெரிய வரிசையைச் சேர்ந்தவை. ஓசனிச்சிட்டுகள் 360 இனத்துக்கு மேல் இருக்கின்றன, எல்லாமே அமெரிக்கக் கண்டங்களில் மட்டும். அவற்றுக்கு நெருங்கிய உறவு உழவாரன் குருவிகள். இரண்டும் பூந்தேனைக் குடித்து வாழ்வதால் அலகும் மினுமினுப்பும் ஒத்துப்போயின, அவ்வளவுதான். தேன்சிட்டு பெரும்பாலும் கிளையில் உட்கார்ந்து குடிக்கும்.

உண்மையிலேயே அழியும் ஆபத்தில் இருக்கிறதா?

ஆபத்து இருக்கிறது. இது வாழும் பரப்பே சிறியது, அதுவும் துண்டு துண்டாகக் கிடக்கிறது. மேய்ச்சல் நிலத்துக்காகவும் காபி போன்ற பணப்பயிர்களுக்காகவும் காடு வெட்டப்படுகிறது. காட்டோரத்துப் பறவை என்பதால் கொஞ்சம் வெட்டினால் ஒன்றும் ஆகாது என்று வாதிடுவோர் உண்டு, அதில் பாதி உண்மையும் உண்டு. இளங்காட்டிலும் புதரிலும் இது சமாளிக்கும். ஆனால் ஓரம் என்று ஒன்று இருக்க வேண்டுமென்றால் உள்ளே காடு இருக்க வேண்டும். முழுவதையும் வெட்டி, எரித்து, புல் மட்டும் விட்டால் பூ ஏது? நிலத்தைச் சுத்தம் செய்கிறோம் என்று முதலில் அகற்றுவதும் இந்த முள்ளையும் கொடியையும்தான்.

ஆண்களை வேட்டையாடுவார்களாமே, அது உண்மையா?

வருத்தமான விஷயம், உண்மைதான். காய வைத்த இதயம் ஆண்மையைக் கூட்டும் என்றொரு நம்பிக்கை அப்பகுதியில் சிலரிடம் இருந்தது, அதற்காகக் கவணால் அடித்திருக்கிறார்கள். இலக்கு ஆண்கள்தான். அந்த நம்பிக்கைக்கு எந்த அடிப்படையும் கிடையாது. இதைக் கேட்டதும் அந்த ஊர்க்காரர்களையே ஒட்டுமொத்தமாகக் குறை சொல்கிறவர்களைப் பார்க்கிறேன், அது நியாயமில்லை. அடுத்த பதிலைப் படியுங்கள்.

காப்பாற்ற என்ன செய்கிறார்கள்?

பொமகோசாஸ் என்ற ஏரியை ஒட்டி ஒரு விவசாயச் சமூகம் இருக்கிறது. அவர்களுடைய பொது நிலத்தில் சுமார் 100 ஏக்கரை இந்தப் பறவைக்காக ஒதுக்கி, 2006-இல் பெருவின் எக்கோஆன் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்போடு ஒப்பந்தம் போட்டார்கள். அமெரிக்கன் பேர்ட் கன்சர்வன்சி என்ற அமைப்பு பண உதவி செய்தது. நிலம் சமூகத்தின் கையிலேயே இருக்கும், பறவைக்குக் கேடு வராமல் அதைப் பயன்படுத்துவதாக உறுதி தருவார்கள். பெருவில் இப்படிப்பட்ட ஒப்பந்தம் அதுதான் முதல் தடவை. 30,000-க்கும் மேற்பட்ட உள்ளூர் மர, புதர்க் கன்றுகளையும் நட்டார்கள். அந்த இடத்துக்கு உவெம்போ என்று பெயர், பார்வையாளர் மையமும் உண்டு.

எனக்கு இதில் பிடித்தது, வேலி போட்டு ஊர்க்காரர்களை வெளியே நிறுத்தவில்லை என்பது. பறவையைப் பார்க்க வருவோர் தரும் காசில் ஊருக்கும் பலன் போகிறது. கவண் எடுத்துக்கொண்டு போன இடத்துக்கே பைனாகுலரோடு வழிகாட்டியாகப் போக முடியும் என்றால் அடுத்த தலைமுறைப் பிள்ளைகளுக்கு அந்தப் பறவையின் மதிப்பை யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 100 ஏக்கர் மட்டும் ஓர் இனத்தைக் காத்துவிடாது என்பதும் உண்மை. பக்கத்துச் சரிவுகளிலும் பூப்புதர்கள் நிற்க வேண்டும், மேய்ச்சல் நிலத்தின் ஓரங்களிலாவது அவற்றை விட்டுவைக்க வேண்டும்.

நேரில் பார்க்க முடியுமா?

முடியும். லிமாவிலிருந்து விமானத்தில் ஹயேன் அல்லது தரபோத்தோ நகருக்குப் போய், அங்கிருந்து சாலை வழியாகப் பொமகோசாஸ் போகிறார்கள். இரண்டு நகரங்களையும் இணைக்கும் பெர்னாந்தோ பெலாவுந்தே தெர்ரி நெடுஞ்சாலை ஏரியை ஒட்டியே போகிறது. உவெம்போவில் தேன் குப்பிகள் தொங்கவிட்டிருப்பதால் உட்கார்ந்து காத்திருந்தால் பார்க்கும் வாய்ப்பு நன்றாகவே உண்டு. அதே சாலையில் கிழக்கே போனால் அப்ரா பட்ரீசியா என்ற இன்னொரு பாதுகாப்புக் காடு, அங்கே நீள்மீசைக் குட்டி ஆந்தை என்ற அரிய பறவை இருக்கிறது, பறவை ஆர்வலர்கள் இரண்டையும் சேர்த்தே திட்டமிடுவார்கள்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். குப்பியை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காமல் அதைச் சுற்றியுள்ள புதரின் உள்பக்கக் கிளைகளைப் பாருங்கள். குப்பிக்கு வருவதற்கு முன்னும் குடித்த பிறகும் அது அங்கேதான் உட்காரும், ஆற அமரப் பார்க்கக் கிடைப்பதும் அப்போதுதான்.

படம் எடுக்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

ஆண்கள் ஆடும் இடம் தெரிந்தால் நெருங்காதீர்கள், அதன் குரலைப் போனில் ஒலிக்கவிட்டு வரவழைக்காதீர்கள். ஆடும் ஒவ்வொரு நொடிக்கும் அது தேனாகச் செலவு செய்கிறது, உங்களால் கலைந்து மறுபடி ஆட நேர்ந்தால் அந்தச் செலவு வீண். கிளை மறைக்கிறது என்று ஒடிக்கவே கூடாது. கூடு கண்ணில் பட்டால் விலகி நடந்துவிடுங்கள், பெண் பறவை திரும்பி வரும் வரை முட்டைகள் குளிரில் கிடக்கும்.

தேன் குப்பியில் என்ன ஊற்றுகிறார்கள்? தேனையே ஊற்றலாமா?

சாதாரண வெள்ளைச் சர்க்கரை ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு, வேறெதுவும் இல்லை. தேனீயின் தேன் கூடாது, தண்ணீரில் கலந்தால் சீக்கிரம் புளித்துப் பூஞ்சை பிடிக்கும். சிவப்புச் சாயம் சேர்க்கவும் வேண்டாம், குப்பியில் சிவப்புப் பகுதி இருந்தாலே பறவைக்குப் போதும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கழுவி மாற்ற வேண்டும், வெயில் அதிகமென்றால் இன்னும் சீக்கிரம். ஆனால் குப்பி என்பது பார்வையாளர்களுக்கான வசதிதான். பொமாரியாக் கொடி ஏறிய ஒரு புதர் நின்றால் பறவைக்குத் தேனும் கிடைக்கும், பூச்சியும் கிடைக்கும், மறைவும் கிடைக்கும், சிலந்தி நூலும் கிடைக்கும்.

கூண்டில் வளர்க்கலாமா?

கூடாது. தொடர்ந்து பூ மாற்றிப் பூ போய்க்கொண்டே இருக்க வேண்டிய, பெரிய ஓசனிச்சிட்டுகளைக் கண்டாலே ஒதுங்குகிற, தன் வாலை விரித்து ஆட இடம் தேவைப்படுகிற 3 கிராம் உயிர் இது. யாராவது விற்பதாகச் சொன்னால் வாங்காதீர்கள். அது காட்டில் பிடித்ததாகத்தான் இருக்கும்.